மாரிக்கு முன் கடைச் சுவரில் ஒரு கோடு

இந்தப் பக்கத்தில் புதிதாகக் கடை போடுகிறவர்கள் நல்ல நாள் பார்ப்பார்கள், பெயர்ப்பலகைக்கு நிறம் தேடுவார்கள், திறப்பு விழாவுக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று வீட்டில் சண்டை பிடிப்பார்கள். இந்த வளவுக்குள் தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று கேட்டவரை நான் கண்டதில்லை. நானும் கேட்கவில்லை.

களுவாஞ்சிக்குடியில், மட்டக்களப்பு வாவிப் பக்கம் இறங்கும் ஒரு குறுக்குத் தெருவில் என் பலசரக்குக் கடை. 2011 தை மாதம் அதற்கு ஒன்றரை வயது. பொங்கலுக்கென்று சீனி, சர்க்கரை, பயறு, புது மண்பானை எல்லாம் இறக்கியிருந்தேன், பாதி கடனுக்கு. பொங்கலுக்கு முன்னரே முழங்காலுக்கு மேல் தண்ணீர் கடைக்குள் வந்து நின்றது. மண்பானைகள் ஒன்றின் பின் ஒன்றாக வாசலால் மிதந்து தெருவுக்குப் போனதைப் பார்த்து எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. சீனி மூட்டையைத் தூக்கினேன். வெறும் சாக்குத்தான் கையில் வந்தது. அதோடு சிரிப்பு நின்றது.

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை எங்காவது சின்னதாக ஒரு கடையோ தையலகமோ மில்லோ தொடங்கப்போகிறவருக்காக இதை எழுதுகிறேன். ஆவணி, புரட்டாதியிலேயே தொடங்கவேண்டிய வேலைகள் இதில் நிறைய. மழை இருட்டியபிறகு செய்யக்கூடியவை கொஞ்சம்தான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

நமக்கு வெள்ளம் இரண்டு வகையில் வரும். ஒன்று தலைக்கு மேலே பெய்கிற மழை. மற்றது மேற்கே, வாவிக்கு அக்கரையான படுவான்கரைக்கும் அப்பால் பெய்து வருவது. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி போன்ற குளங்கள் நிரம்பி வான்கதவு திறந்தால் அந்தத் தண்ணீர் வயல் வழியாக வாவிக்குத்தான் வந்து சேரும். அம்பாறைப் பக்கம் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளமும் கல்லோயா ஆறும். வாவிக்குக் கடலோடு உள்ள வாய் பாலமீன்மடுவிலும் கல்லாற்றுப் பக்கத்திலும்தான். கோடையில் அந்த வாயை மணல் அடைத்துவிடும். மாரியில் முகத்துவாரம் வெட்டும்வரை தண்ணீருக்குப் போக வழியில்லை, ஊருக்குள் ஏறும்.

இதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. மழை விட்டு வெயில் எறிக்கும். அப்பாடா என்று கடையைக் கூட்டத் தொடங்குவீர்கள். அடுத்த நாள் தண்ணீர் ஒரு சாண் ஏறும். 2011இல் எனக்கு நடந்தது இதுதான். மேசைமேல் ஏற்றிய சாமானை மழை விட்டதும் கீழே இறக்கினேன். வானம் வெளுத்ததை நம்பாதீர்கள், எந்தக் குளத்தின் கதவு எத்தனை அடி திறந்திருக்கிறது என்று கேளுங்கள்.

கோடு

வெள்ளம் வடிந்து நான் வாசலில் குந்தியிருந்தபோது பக்கத்து வளவு அப்பு வந்தார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்பத்தேழுல இந்த வளவுக்குள்ள தோணி வந்த தம்பி. ஆரும் என்னட்டக் கேக்கல்லியே" என்றார்.

ஆகவே முதல் வேலை, கேட்பது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன்னர் அந்தத் தெருவில் ஆக வயதான இரண்டு மூன்று பேரிடம் 1957, 2011, 2024 இந்த மூன்று வருடமும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். கட்டட உரிமையாளரிடம் கேட்டுப் பயனில்லை, அவருக்கு ஒரு வெள்ளமும் நினைவிருக்காது. பின்சுவரில், மலசலகூடத்துச் சுவரில், பெயின்ட் அடிக்காத மூலைகளில் பழைய தண்ணீர்க் கறை தெரியும்.

கண்ட உயரத்துக்கு மேல் ஓர் அடி கூட்டி, கடை முழுக்கச் சுற்றிச் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு இழுங்கள். என் கடையில் கறை இரண்டே காலடி, கோடு மூன்றே காலடி. வாடிக்கையாளர்கள் பகிடி பண்ணுவார்கள், பண்ணட்டும். இனி எல்லாத் தீர்மானமும் அந்தக் கோட்டை வைத்துத்தான்.

பிளக், சுவிட்ச், மெயின் போர்ட் எல்லாம் கோட்டுக்கு மேலே. வயரிங் செய்யும்போதே வயர்மேனிடம் சொன்னால் செலவு பெரிதாகக் கூடாது. பிறகு உடைத்து மாற்றினால்தான் காசு. நனைந்தால் போய்விடும் சீனி, மா, பருப்பு, பால்மா, கொப்பி, துணி எல்லாம் மேல் றாக்கையில். நனைந்தாலும் கழுவித் துடைத்து எடுக்கக்கூடிய பிளாஸ்டிக் வாளி, அலுமினியச் சட்டி, மண்வெட்டி எல்லாம் கீழே. கடைக்காரர்கள் பாரமானதைக் கீழே வைப்பதுதான் வழக்கம், அதனால் அரிசியும் சீனியும் எப்போதும் தரையில் கிடக்கும். மாரி மூன்று மாதமும் அந்த வழக்கத்தை மாற்றவேண்டும். புளொக் கல்லைச் சுவர் கட்டுவதுபோல் வைத்தால் ஒரு வரி எட்டு அங்குலம், மூன்று வரி இரண்டடி. அதற்கு மேல் பலகை, பலகைக்கு மேல் மூட்டை. கோட்டைத் தொடாவிட்டாலும் வழக்கமாக வரும் தண்ணீருக்கு அது போதும். பெரிய வெள்ளத்துக்கு அங்கிருந்து இன்னும் மேலே தூக்குவதும் தரையிலிருந்து தூக்குவதைவிட இலேசு.

டீப் பிரீசரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பாரமான சாமான், அசையாது என்று நினைத்திருந்தேன். அது தோணிபோல மிதக்கும். என்னுடையது மிதந்து போய் சட்டரின் உட்பக்கத்தில் சரிந்து கிடந்தது. வெளியிலிருந்து சட்டரைத் தூக்க முடியாமல் பின் ஜன்னல் கம்பியை வெட்டித்தான் உள்ளே போனோம். பிரீசரைக் கயிற்றால் ஜன்னல் கம்பியோடோ தூணோடோ கட்டிவிடுங்கள். ஐப்பசியிலிருந்தே தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் போத்தல்களை அதற்குள் வைத்து உறைய விடுங்கள். கரண்ட் போனால், நிறைந்த பிரீசர் திறக்காமல் இருந்தால் ஏறக்குறைய இரண்டு நாள் குளிர் தாங்கும். கடைசியில் அந்தப் போத்தல் குடிதண்ணீராகவும் உதவும்.

மற்றத் தொழில்காரர்களுக்கும் இதே கணக்குத்தான். தையல் மெசின்காரர் மோட்டரைக் கழற்றி மேலே வைக்கலாம். அரிசி மில் போடுகிறவர் மோட்டருக்கான சீமெந்துக் கட்டைக் கட்டும்போதே கோட்டு உயரத்துக்குக் கட்டிவிடலாம். மருதமுனையில் தறி வைத்திருப்பவர் தறியைத் தூக்க முடியாது, ஆனால் நூல் கட்டையும் நெய்து முடித்த சாரத்தையும் மேலே ஏற்ற ஒரு பரண் போதும்.

கடன் கொப்பி

சாமான் போனதைவிட எனக்குப் பெரிய அடி, மேசையின் அடி லாச்சியில் இருந்த கடன் கொப்பி நனைந்தது. ஜெல் பேனாவால் எழுதியிருந்தேன். பக்கத்தைப் பிரித்தால் நீல மேகம் மட்டும். ஊரில் யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்பது அந்தக் கொப்பியில்தான் இருந்தது. எதிர் வளவுப் பெத்தா தானாகவே வந்து, "மனே, நான் ஒனக்கு ஆயிரத்தி முந்நூறு தரவேணும், எழுதி வை" என்றார். என் மனக்கணக்கில் அவர் பெயருக்கு எண்ணூறுதான் இருந்தது. எல்லோரும் பெத்தா மாதிரி இல்லை. அதற்கு மேல் சொல்லவில்லை, அவர்களும் இன்னும் என் வாடிக்கையாளர்கள்.

இப்போது செய்வது இது. கொப்பியில் எழுதுவது போல்பொயின்ட் பேனாவால் மட்டும். சனிக்கிழமை இரவு கடை பூட்டும்போது அந்த வாரத்துப் பக்கங்களைப் போனில் படம் எடுத்து, கொழும்பில் இருக்கும் மச்சானுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அடுத்த தெருத் தம்பிக்கு அனுப்பிப் பயனில்லை, தண்ணீர் வந்தால் அவன் போனும் என் போனும் ஒரே நாளில்தான் நனையும். வியாபாரப் பதிவுச் சான்றிதழ், பிரதேச சபை அனுமதிப்பத்திரம், வாடகை ஒப்பந்தம், காப்புறுதிப் பத்திரம், வங்கிப் புத்தகம், அடையாள அட்டைப் பிரதி, இவற்றையும் அப்படியே படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். மூலப் பத்திரங்களைத் தடித்த பொலித்தீன் பையில் இட்டு, வாய் இறுக்கி, ஒரே பையாக வையுங்கள். ஓடுகிறபோது எடுக்கவேண்டியது அந்த ஒரு பைதான்.

சாமான் வாங்கிய பில்களையும் கிழித்து எறியாதீர்கள். காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

காப்புறுதி

வங்கியில் கடன் எடுத்தபோது எனக்கும் ஒரு காப்புறுதி போட்டார்கள். இருக்கிறதே என்ற தைரியத்தில் 2011இல் போய்க் கேட்டால், அது தீக்கு மட்டும் என்றார்கள். கடைக்குள் முழங்கால் தண்ணீர், கையில் தீக் காப்புறுதி. பத்திரத்தை வாசிக்காமல் கையெழுத்து வைத்தது என் பிழை.

பத்திரத்தில் வெள்ளம், புயல், சுனாமி என்ற சொற்கள் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கட்டடத்துக்கு மட்டுமா, உள்ளே உள்ள சாமானுக்கும் சேர்த்தா என்று பாருங்கள். வாடகைக் கடைக்காரருக்குச் சாமான்தான் முக்கியம், கட்டடம் வேறொருவருடையது. அப்புறம் தொகை. கட்டணத்தை மிச்சம் பிடிக்க, 20 இலட்சத்துச் சாமானை 10 இலட்சம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 6 இலட்சம் நட்டம் வந்தால் முழுவதும் கிடைக்கும் என்று நினைப்பார்கள். பாதிக்குத்தானே காப்புறுதி செய்தீர்கள் என்று நட்டத்திலும் பாதி, 3 இலட்சம்தான் கணக்கிடுவார்கள். அதிலும் முதல் ஒரு பகுதியை நீங்களே தாங்கவேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, பெருநாள் காலத்தில் சரக்கு இரட்டிப்பாகும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

இதெல்லாம் ஆவணியில் செய்யவேண்டியது. புயலுக்குப் பெயர் வைத்துச் செய்தியில் சொன்னபிறகு போனால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

காற்று

1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியைப் பற்றி இங்கே கேட்காமலே சொல்வார்கள். தென்னந்தோப்புகள் படுத்தன, கூரைகள் பறந்தன. கடையைப் பொறுத்தவரை காற்றுக்குச் செய்யவேண்டியது குறைவு, ஆனால் அது ஏணி வைத்து ஏறிச் செய்யும் வேலை. தகரத்தைப் பிடித்திருக்கும் கொளுக்கிகள் துருப்பிடித்திருந்தால் மாற்றுங்கள். கூரைமேல் சாயும் தென்னையில் காய்ந்த ஓலையையும் குலையையும் ஆள் பிடித்து வெட்டுங்கள். தகரப் பெயர்ப்பலகை காற்றில் பறந்தால் கத்திக்குச் சமன், எச்சரிக்கை வந்ததும் கழற்றி உள்ளே வையுங்கள். சட்டருக்கு உள்ளே குறுக்காக ஓர் இரும்புச் சட்டம் போட இரண்டு கொளுவி வைத்தால் காற்று சட்டரை உள்ளே தள்ளாது.

ஒன்று மட்டும் மறக்கவேண்டாம். புயலின் நடுப்பகுதி நம்மைக் கடக்கும்போது காற்று சட்டென்று நிற்கும். கூரையைப் பார்க்க வெளியே இறங்காதீர்கள், சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து திரும்ப அடிக்கும்.

கடல்

சுனாமிக்குக் கடையை ஆயத்தம் செய்வது என்று ஒன்றில்லை. 2004 டிசம்பர் 26 அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போனார்கள். இலங்கையில் ஆக அதிகம் அங்கேதான். கடற்கரைப் பக்கம் கடை என்றால், ஓடும் வழியையும் ஏறும் மாடியையும் இன்றே நடந்து பாருங்கள், கடையில் நிற்கும் பொடியனையும் கூட்டிக்கொண்டு. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறோம், எல்லா ஒழுங்கையும் பாதுகாப்பான பக்கம் போகாது. எச்சரிக்கை வந்தால் சட்டரை இழுக்கவும் நிற்கவேண்டாம்.

மாரிக்குள் சரக்கு

லொறி வருமா என்பதை நம் ஊர் மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. மன்னம்பிட்டிப் பக்கம் மகாவலி பெருகினால் கொழும்பு லொறி அங்கேயே நிற்கும், ரயிலும் நிற்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது நாடு முழுக்க வீதிகள் அறுந்ததைப் பார்த்தோம். உள்ளூரிலும் கிட்டங்கித் தாம்போதி (தண்ணீர் மேலால் ஓடக்கூடிய தாழ்ந்த பாதை), கிரான் பக்கத்துப் பாதை போன்றவை மாரியில் தண்ணீருக்குள்தான். அதனால் கார்த்திகை பிறக்குமுன் பத்து நாள் ஓடக்கூடிய அரிசி, பருப்பு, பால்மா, உப்பு இருக்கட்டும். ஆனால் வழக்கமான மூன்று மாதச் சரக்கைக் கொண்டுவந்து குவிக்காதீர்கள். கோட்டுக்கு மேலே எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் உங்கள் கொள்ளளவு. நான் அதை மூட்டைக் கணக்கில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

கரண்ட் போனால் ஏடிஎம்மும் கார்ட் மெசினும் வேலை செய்யாது. சில்லறைக் காசும் நூறு ரூபாய்த் தாளும் கொஞ்சம் சேர்த்து வையுங்கள்.

தாம்போதிக்கு மேல் தண்ணீர் ஓடும்போது சாமான் ஏற்ற இறக்க யாரையும் அனுப்பவேண்டாம், பெரிய உழவு மெசின்தானே என்று நினைத்தும் அனுப்பவேண்டாம். 2024 நவம்பரில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தைக் கடந்த உழவு இயந்திரம் கவிழ்ந்து மதரஸாப் பிள்ளைகள் போனது நம் கண்முன் நடந்தது.

எச்சரிக்கை வந்த நாள்

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதையும் கிராம உத்தியோகத்தரின் இலக்கத்தையும் சுவரில் பெரிதாக எழுதுங்கள். போன் செத்துவிட்டால் பக்கத்து வீட்டுப் போனில் அழுத்த மனப்பாடமும் வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல், கோயில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வரும் குளத்துக் கதவுச் செய்தி, இந்த இரண்டையும் கேட்டால் போதும். "இப்பதான் கிடைத்த தகவல்" என்று குழுக்களில் சுற்றும் குரல் பதிவுகளைக் கேட்டு 2024இல் ஓர் இரவு முழுக்கச் சாமான் ஏற்றி இறக்கினேன், முதுகுவலிதான் மிச்சம்.

அன்றைக்கு வேலையின் ஒழுங்கு இதுதான்:

1. ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்குள் முடியாத வேலை முடியாமலே கிடக்கட்டும்.
2. போன், பவர் பாங்க், டோர்ச் எல்லாம் சார்ஜில்.
3. பத்திரப் பையும் காசும் வீட்டுக்கு.
4. நனைந்தால் போகிற சாமான் கோட்டுக்கு மேலே, விலை கூடியது முதலில். மேலே தறப்பாள், கூரை ஒழுகலாம்.
5. பிரீசரைக் கட்டுங்கள். மண்ணெண்ணெய், கிருமிநாசினி, பூச்சிமருந்து இருந்தால் மூடி இறுக்கி ஆக மேலே வையுங்கள். அவை கவிழ்ந்தால் மிஞ்சிய அரிசியும் போச்சு.
6. வாசலுக்கு மண்மூட்டை, பொலித்தீன் விரித்து அதன்மேல். கொஞ்ச நேரம் பிடிக்கும், நம்பி உள்ளே தூங்கவேண்டாம்.
7. கடைசியாகக் காஸ் சிலிண்டர் பூட்டி, மெயின் சுவிட்சை நிறுத்தி வெளியேறுங்கள். கால் தண்ணீருக்குள் நிற்கும்போது சுவிட்சைத் தொடக்கூடாது, அப்படியே விட்டுப் போங்கள்.

2024இல் தண்ணீர் ஒரு சாண்தான் வந்தது. போனது ஒரு மூட்டை உப்பு. தம்பி ஒருவன் தேநீர் குடிக்கப் போன அவசரத்தில் தரையில் விட்டது.

வடிந்தபிறகு

சுத்தம் செய்யத்தான் கை துடிக்கும். பொறுங்கள். சப்பாத்துப் போட்டு, தடியால் தட்டிக்கொண்டு உள்ளே போங்கள், றாக்கைக்குப் பின்னால் பாம்பு சுருண்டிருக்கும். வயர்மேன் பார்க்காமல் கரண்ட் போடவேண்டாம். ஜெனரேட்டரைக் கடைக்குள் வைத்து ஓட்டவேண்டாம், அந்தப் புகையிலுள்ள மணமில்லாத வாயு ஆளைக் கொல்லும். ஒன்றையும் அசைக்குமுன் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுங்கள், சுவரில் தண்ணீர்க் கறையோடு சேர்த்து. காப்புறுதி நிறுவனத்துக்கு அன்றே அறிவியுங்கள். அவர்கள் ஆள் வந்து பார்க்கும்வரை பழுதான சாமானை ஒரு பக்கம் குவித்து வையுங்கள், வெளியே எறிந்தால் எண்ணிக்கைக்குச் சாட்சி இல்லை. கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுத்து, பிரதேச செயலகத்துக்குப் போகும் பட்டியலில் உங்கள் பெயர் ஏறியதா என்று நேரில் பாருங்கள். கடன் இருந்தால் தவணைத் திகதிக்கு முன்னரே வங்கிக்குப் போய்க் கால அவகாசம் கேட்டுக் கடிதம் கொடுங்கள். தவணை தவறியபிறகு கேட்பதற்கும் இதற்கும் அவர்கள் முகத்திலேயே வித்தியாசம் தெரியும்.

வெள்ளத்தில் நனைந்த மா, அரிசி, பருப்பைக் காயவைத்து விற்கும் எண்ணம் வரும். எனக்கும் வந்தது. மலசலகூடத்துத் தண்ணீரும் கலந்து வந்தது அது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டுக் காட்டி அழித்துவிட்டேன். சேற்றில் வேலை செய்தபின் காய்ச்சல், தசை நோவு வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். பனடோலோடு காலம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், வெள்ளத்தில் நின்றதைச் சொல்லுங்கள்.

கடை முழுவதும் காயும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2011இல் மூன்றாம் நாள் வாசலில் ஒரு மேசை போட்டேன். சீனி இல்லை, பருப்பு இல்லை. சனம் அதைக் கேட்டு வரவுமில்லை. விளக்குமாறு, பிளீச்சிங் பவுடர், மெழுகுதிரி, தீப்பெட்டி, நுளம்புத்திரி, பிளாஸ்டிக் வாளி. மேல் றாக்கையில் தற்செயலாகக் கிடந்த அத்தனையும் பழைய விலைக்கே மத்தியானத்துக்குள் முடிந்தது. அவற்றை இப்போது ஒவ்வொரு ஐப்பசியும் இரண்டு பெட்டி கூடுதலாக எடுத்து, கோட்டுக்கு மேலே, கைக்கு எட்டும் இடத்தில் வைக்கிறேன்.